பதினேழாம் எண் நோயாளி

“வண்டி பழசா இருந்தா பரவாயில்லம்மா. கூப்பிட்டா வரணும், அவ்வளவுதான்.”

“அது என்ன நாய்க்குட்டியா, கூப்பிட்டா வர்றதுக்கு?”

“நாய்க்குட்டிதான் முதல்ல கேட்டேன், ஆறு வயசுல. நீதான் வாங்கித் தரல.”

“நாய்க்குட்டி ஒருநாள் ஓடிப் போயிடும். அப்புறம் நீ உக்காந்து அழுவே.”

“சரி, கார் ஓடினா அழ மாட்டேன். போதுமா?”

இப்படித்தான் ஆரம்பித்தது. நானும் என் மகளும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதிதாக வந்த ஓட்டுநர் உரிமத்தைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்திருந்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை அதிலிருந்த தன் படத்தைப் பார்த்து, “திருடி மாதிரி இருக்கேன்ல?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு பட்டாணியை என் மேல் எறிந்தாள்.

நடந்ததை வாக்குமூலமாக என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்காது, மன்னித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். வண்டியைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது முதல் கேள்வி. மருத்துவமனையில் அவள் காதருகே குனிந்து நான் ஏதோ சொன்னதைச் செவிலி பார்த்தாராம், என்ன சொன்னேன் என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நான் செய்தது எல்லாமே அவளுடைய பாதுகாப்புக்காகத்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் மகளும் அடுத்த வருடம் ஓட்டப் பழகப்போகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உங்களுக்கு உபயோகப்படும்.

பிள்ளைகளுக்குப் புது வண்டி வாங்கக் கூடாது. சின்ன வண்டியும் கூடாது. வண்டிக்கு எடை இருக்க வேண்டும், இன்ஜின் சாதுவாக இருக்க வேண்டும். வேகம் எடுக்க யோசிக்கும் வண்டிதான் பதினெட்டு வயதுக்கு ஏற்ற வண்டி. ஏர்பேக் முன்னால் மட்டும் போதாது, பக்கத்திலும் வேண்டும். சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் கிடந்த வண்டி. கால்விரிப்பைத் தூக்கி மூக்கை வைத்து முகர வேண்டும், வெட்கப்படக் கூடாது. டயரின் ஓரத்தில் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் நான்கு எண்களாக இருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஏழு வண்டிகள் பார்த்தோம். ஒன்றில் கதவு இடுக்கு மேலே குறுகி, கீழே அகன்றிருந்தது. எங்கோ மோதி நிமிர்த்திய வண்டி. வேண்டாம் என்றேன். இன்னொன்றில் பானெட்டின் கீழ் ஒரு திருகாணி மட்டும் புதிதாக மின்னியது. வேண்டாம் என்றேன். எங்கள் கடைக்கு அடுத்த பட்டறையில் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர் அண்ணன்தான் துணைக்கு வந்தார். ஐந்தாவது வண்டியின் அடியிலிருந்து நான் எழுந்து வந்து புடவையைத் தட்டியபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“தங்கச்சி, நீங்க காரு பாக்கல. மாப்பிள்ளை பாக்கறீங்க.”

“மாப்பிள்ளைய யாரும் அடியில படுத்துப் பாக்க மாட்டாங்க மாமா,” என்றாள் என் மகள்.

எட்டாவது வண்டி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவருடையது. ஒன்பது வருடம் அவர் ஒருவர் கையில் மட்டும் இருந்தது. “என் சொந்தப் பல்லைவிட இதை நல்லா பாத்துக்கிட்டேன்,” என்று சொல்லிக் கட்டுப்பல் தெரியச் சிரித்தார். வெளுத்த பழுப்பு நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுவது போல அடக்கமான ஒரு சத்தம். பெயிண்டர் அண்ணன் விரல் முட்டியால் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, என் மகளிடம், “சின்ன முதலாளி, இது கார் இல்ல. அலமாரி. நாலு சக்கரம் வச்ச அலமாரி,” என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் அறிக்கையில் வண்டிக்கு நீளமாக ஓர் எண் இருக்கிறது. எங்களுக்கு அது அலமாரி.

அலமாரி நல்ல வண்டி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மோதிய லாரி பின்பக்கம் முழுவதையும் நசுக்கியும், ஓட்டுபவர் உட்காரும் பகுதி கலையாமல் இருந்ததை உங்கள் ஆட்களே படம் எடுத்திருக்கிறார்கள். கண்ணாடியில் தொங்கிய அவளுடைய சிவப்பு ரிப்பன் கூட அப்படியே இருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். நான் அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன்.

சின்ன முதலாளி என்பது அவள் அப்பா வைத்த பெயர். என் கணவர் கார் மின்வேலை செய்பவர். கடையின் முன்பக்கம் பாட்டரி, பல்பு, ஃப்யூஸ் விற்கும் மேசை, அங்கே நான். பின்பக்கம் அவர். எங்கள் மகள் பள்ளிவிட்டதும் நேராக அவருடைய மேசையடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கெட்டுப்போன பாகங்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிய மாட்டார். முழுதாகச் செத்த பாகத்தை எறிந்துவிடுவார். பாதி கெட்டதை, அதாவது சில நேரம் வேலை செய்து சில நேரம் மக்கர் செய்வதை, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அட்டை வைத்து அறை பிரித்துப் பத்திரப்படுத்துவார். ஒரு வண்டியில் பிடிபடாத கோளாறு வந்தால், சரியாக இருக்கும் இன்னொரு வண்டியில் இந்த நோயுள்ள பாகத்தை மாட்டிப் பார்ப்பார். அதே இருமல் வந்தால் நோய் இன்னதுதான் என்று தெரிந்துவிடும். அதற்கு நோயாளிப் பெட்டி என்று பெயர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண், நூலில் கட்டிய ஒரு சீட்டு. சீட்டில் நோய் எழுதியிருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதியது எங்கள் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

பெட்டிக்கு ஒரே ஒரு சட்டம். யார் எதை எடுத்தாலும், எடுத்த இடத்தில் எண்ணையும் தன் பெயரையும் எழுதிய சீட்டை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நோயுள்ள பாகம் தெரியாமல் யாருடைய வண்டியிலாவது தங்கிவிடக் கூடாது என்பதற்காக. அவரே எடுத்தாலும் சீட்டு வைப்பார். “முதலாளிக்கும் சட்டம் உண்டு, சின்ன முதலாளிக்கும் உண்டு,” என்பார்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. எப்படிப் போனார் என்று கேட்டீர்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

அவளுக்கு, கப்பலில் மின்வேலை செய்யும் படிப்பில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள துறைமுகத்தில். முதலில் பன்னிரண்டு சனிக்கிழமைகள் மட்டும் வகுப்பு. அதில் தேறினால் விடுதியில் தங்கி இரண்டு வருடம். அதன் பிறகு கப்பல். கப்பல் என்றால் எட்டு மாதம், பத்து மாதம் கடல். கடிதத்தை என்னிடம் நீட்டி, “என்னம்மா சொல்றே?” என்று கேட்டாள். “உன் இஷ்டம்,” என்றேன்.

நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். எந்தப் பள்ளி என்றாலும், முடியைக் குட்டையாக வெட்டட்டுமா என்றாலும், உன் இஷ்டம். என்னைப் போலப் பெண்ணுக்குச் சுதந்திரம் கொடுத்த அம்மா இந்தத் தெருவில் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள். அவளைத் தடுத்து ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. வண்டி வாங்கித் தந்ததும் அதனால்தான். இல்லையென்றால் அவள் முதல் வாரமே அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பாள்.

முதல் சனிக்கிழமை போய்விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா, ஒரு ஊருக்கே போதுமான கரன்ட்டு, ஒரே ரூமுக்குள்ள! அப்பா பாத்திருந்தா அங்கயே பாயப் போட்டுப் படுத்திருப்பார்,” என்றாள். கை கால் எல்லாம் பேசியது. பயிற்சி நிலையத்தின் விதிகளையும் அன்றுதான் சொன்னாள். காலை எட்டு மணிக்கு மேல் வந்தால் தாமதம். மூன்று தாமதம் ஆனால் பெயரை நீக்கிவிடுவார்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காதாம்.

மறுநாள் ஞாயிறு. அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போய் நோயாளிப் பெட்டியைத் திறந்தேன்.

பதினேழாம் எண், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே. தீப்பெட்டி அளவு, கறுப்பு டப்பா. உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். சூடு ஏறினால் விரிசல் விலகும், பம்ப் நிற்கும், வண்டி நிற்கும். ஆறினால் சேரும், வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஓடும். எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் அங்கே போய்ச் சேரும்போது ஆறியிருக்கும். சீட்டில் எட்டு வயதுக் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘17. நாப்பது நிமிஷம் ஓடும். அப்றம் தூங்கிடும். ஆறினா எழுந்துக்கும்.’

நூலை வெட்டிச் சீட்டை என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அவள் கையெழுத்தை எறிய மனம் வரவில்லை. நூலின் முடிச்சு மட்டும் ரிலேயின் காலில் தங்கிவிட்டது. அதை வைத்துத்தான் உங்கள் ஆட்கள் என்னிடம் வந்தார்கள் என்று நினைக்கிறேன். சீட்டை நேற்று உங்களிடம் கொடுத்துவிட்டேன். இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அது எனக்கு வேண்டும்.

பெட்டியில் நான் சீட்டு வைக்கவில்லை. சட்டத்தை மீறியது அந்த ஒருமுறைதான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அதை அலமாரியில் மாட்டினேன் என்று நினைக்காதீர்கள். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும், பாட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று சொல்லி அலமாரியைத் துறைமுகச் சாலையில் நானே ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு நிமிடம். மூன்று முறையும் பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, லாரிகளை எடை போடும் நிலையத்துக்கு முன்னால் நின்றது. அங்கே சாலையோரம் இரண்டு வண்டி அகலத்துக்கு மண்தரை. மரம் உண்டு, கடை உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. உருண்டுபோய் ஓரங்கட்ட இடம் தாராளம். அவள் நிற்க அதைவிட நல்ல இடம் அந்தச் சாலையில் கிடையாது. கடைத்தெருவுக்கும் தோழி வீட்டுக்கும் வண்டி ஒழுங்காகப் போகும். தூரத்துக்கு மட்டும் போகாது. தூரம் போக முடியாத வண்டியைவிடப் பாதுகாப்பான வண்டி எது?

இரண்டாவது சனிக்கிழமை, நான் நினைத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

“அம்மா, அலமாரி நின்னுடுச்சு. சாவியத் திருப்பினா பம்ப் சத்தமே வரல.”

“பழைய வண்டிடி. அப்படித்தான். கதவைச் சாத்திட்டு உள்ள உக்காரு. வர்றேன்.”

கடை வேனை எடுத்துக்கொண்டு போனேன். முன்பே ஃப்ளாஸ்க்கில் தேநீர் ஊற்றி வைத்திருந்தேன். மரத்தடியில், அலமாரியின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு மூடியில் அவளும் ஒரு மூடியில் நானுமாகக் குடித்தோம். காற்று நன்றாக இருந்தது. அவள் என் தோளில் தலை வைத்து, “போச்சு, ஒரு தாமதம்,” என்றாள். “போனா போகட்டும்,” என்றேன். அவர் போன பிறகு நான் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்த நேரம் வேறொன்று இல்லை. இதை எழுதுவது சரியா என்று தெரியவில்லை, ஆனால் உண்மையை எழுதச் சொன்னீர்கள்.

மறுநாள் காலை நான் கடைக்குள் நுழைந்தபோது அவள் நோயாளிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் மூடினாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

“அம்மா, உனக்கு என்கிட்ட எதாவது சொல்லணுமா?”

“என்ன சொல்லணும்?”

“எதுவா இருந்தாலும்.”

“ஒண்ணுமில்ல. எல்லாம் உன் இஷ்டம்தான்.”

அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது வாரமும் நின்றது. இரண்டாவது தாமதம். மறுபடி தேநீர், மறுபடி மரத்தடி. அன்றும் கேட்டாள், “எதாவது சொல்லணுமாம்மா?” என்று. சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

நான்காவது வாரம் தொலைபேசி வரவில்லை. ஐந்தாவது வாரமும் வரவில்லை. “அலமாரி எப்படிப் போச்சு?” என்று கேட்டால், “சமத்தா போச்சும்மா,” என்பாள். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். பதினேழாம் எண் அங்கேயேதான் இருந்தது, நூல் முடிச்சோடு. எனக்குப் புரியவில்லை. சில நோயாளிகள் தானாகத் தேறிவிடுவதுண்டு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

தேறவில்லை என்பதை நீங்கள் காட்டிய அவளுடைய குறிப்பேட்டில்தான் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவுப் பையில் இருந்ததாகச் சொன்னீர்கள். ‘36 நிமிடம். நிறுத்தினேன். 20 நிமிடம் ஓய்வு. அலமாரி சமத்து.’ வாராவாரம் அதே வரி. ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, அது தூங்குவதற்கு முன்னால் தானே நிறுத்தி, ஆறவிட்டு, எழுப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அப்பாவின் பெண். ஒரு நோயாளியை எப்படி நடத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நல்ல ரிலே கடையிலேயே ஒரு டஜன் இருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஏன் மாற்றவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் தெரிந்தே ஓட்டினாள் என்றால் இதில் அவளுடைய சம்மதமும் இருந்திருக்கிறது என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை பரீட்சை. அன்று தாமதமானால் மூன்றாவது. தேறினால் அடுத்த வாரமே விடுதி. பெட்டி படுக்கையெல்லாம் கட்டிக் கூடத்தில் வைத்திருந்தாள். அன்று காலை அவள் கிளம்பும்போது, கடையில் புதிதாக வந்த பாட்டரிகளை உள்ளே எடுத்து வைக்க ஒரு கை கொடுக்கச் சொன்னேன். அவசரமில்லாத வேலை. பதினைந்து நிமிடம் பிடித்தது. அவள் முணுமுணுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று, “அம்மா, கடைசியா கேக்கறேன். எதாவது சொல்லணுமா?” என்றாள்.

“நல்லா எழுது,” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“வேற என்ன? உன் இஷ்டம்போல எல்லாம் நல்லபடியா நடக்கும்.”

குறிப்பேட்டின் கடைசி வரி: ‘36 நிமிடம். ஓய்வு 8. நேரமில்லை.’

அரைகுறையாக ஆறிய ரிலே முழு நாற்பது நிமிடம் தாங்காது. அன்று வெயிலும் சீக்கிரமே ஏறிவிட்டது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் குளிர்ந்த மாதத்தில், வீட்டிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி. எனக்குத் தெரிந்த இடம் மரத்தடி மட்டும்தான். அலமாரி நின்றது ஆற்றுப் பாலத்தின் நடுவில். அங்கே ஓரம் கிடையாது. இரண்டு பக்கமும் சுவர்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் அவள் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. நடுச்சாலையில் வண்டி நின்றால், விளக்குகளை மின்னவிட்டு, சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு முப்பது அடி பின்னால் நடந்து போய் வைக்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்காக. அவள் அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். இருபத்திரண்டாவது அடியில் இருந்தாள் என்று உங்கள் வரைபடத்தில் குறித்திருக்கிறீர்கள்.

அவர் எப்படிப் போனார் என்று கேட்டீர்களே. மூன்று வருடத்துக்கு முன், நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு மர லாரியைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். போனார். முக்கோணத்தை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது ஒரு பேருந்து. ஆகவே, நின்ற வண்டி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஊரில் என்னைவிட அது நன்றாகத் தெரிந்தவர் இல்லை. அதனால்தான் அவ்வளவு கவனமாக அளந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து நான்காம் நாள் கடையைத் திறந்தேன். அலமாரியிலிருந்து நான் கழற்றி வைத்திருந்த நல்ல ரிலேவையாவது பெட்டியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூடியைத் திறந்தேன். பதினேழாம் அறை காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு சீட்டு இருந்தது. மடிக்காத, புதுச் சீட்டு. தேதி போட்டிருந்தாள், முதல்முறை வண்டி நின்றதற்கு மறுநாள். பதினெட்டு வயதுக் கையெழுத்து, ஆனால் அந்த ‘ம்’ மட்டும் இன்னும் எட்டு வயதில் எழுதியது போலவே வளைந்திருந்தது.

‘17. அம்மா.’

அவ்வளவுதான். நான் வைக்க மறந்த சீட்டை எனக்காக அவள் வைத்திருந்தாள். அதை உங்களிடம் நான் கொடுக்கவில்லை. இப்போது இந்தத் தாளோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

ஆக, பத்து வாரம் அவள் எனக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் தூங்கும் ஒரு வண்டியை எழுப்பி எழுப்பி ஓட்டிக்கொண்டு, நான் வாயைத் திறப்பேன் என்று. நான் திறந்திருந்தால் போகாமல் இருந்திருப்பாளா, இல்லை ரிலேவை மாற்றிக்கொண்டு சிரித்தபடி போயிருப்பாளா, அது எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி.

மருத்துவமனையில் பகல் இரண்டு மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். அதற்கு முன்பே மருத்துவர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தார். மூச்சை இயந்திரம்தான் விடுகிறது, மாலைவரை வைத்திருக்கலாம் என்றார். கழுத்துவரை வெள்ளைத் துணி. முகத்தில் காயமே இல்லை. பட்டாணி உரிக்கும்போது இருந்த முகம். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுவதும் எடுப்பதுமாக இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எதையும் நேரம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

செவிலி சின்னப் பெண், என் மகளைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, “பேசுங்கம்மா. அவங்களுக்குக் கேக்கும்னு சொல்வாங்க. எதாவது தைரியமா சொல்லுங்க,” என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி எழுதியிருந்தால் உங்கள் வேலை சுலபமாகியிருக்கும். மன்னிப்பு அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எல்லாமே அவளுடைய பாதுகாப்புக்காக என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். இதைப் படித்த பிறகு அதை இன்னொருமுறை படித்துப் பாருங்கள்.

குனிந்தேன். அவள் முடியில் பெட்ரோல் வாசனை இருந்தது, அவள் அப்பாவின் சட்டையில் இருப்பது போல. வழக்கம்போல ‘உன் இஷ்டம்’ என்றுதான் வாய் தொடங்கியது. அதை விழுங்கிவிட்டு, கடிதம் வந்த அன்று, ஃப்ளாஸ்க்கைத் திறந்த அன்று, வாசலில் அவள் கடைசியாகக் கேட்ட அன்று, நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் காதில் சொன்னேன்.

“போகாதேடி. எனக்கு வேற யாரும் இல்ல. என்னை விட்டுட்டு எங்கயும் போகாதே.”